எந்தப் போனுக்கு எந்தப் படம்

மொபைல் ஆப் எழுதுகிறவன் என்றால் ஏதோ பெரிய மூளை வேலை என்று ஊரில் நினைத்துக்கொள்கிறார்கள். பாதி நாள் நாம் படத்தைச் சுருக்கிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் இருந்தது என்னோடு ஆப் எழுதி அவதிப்பட்ட உங்களுக்குத்தான் தெரியும்.

விதவிதமான ஆண்ட்ராய்டு போன்கள் ஹைதராபாத் கடைகளில் வந்து இறங்கிய காலம். ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை அளவு. கரூரிலிருந்து வந்து மாதாப்பூரில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்திருந்தேன். உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். சனத்நகரில் ஒரு பம்பு கம்பெனிக்கு ஆப் செய்துகொண்டிருந்தோம்.

உப்பிய கன்னம்

ஆப்பைத் திறந்ததும் கம்பெனியை ஆரம்பித்தவரின் போட்டோ வர வேண்டும். அவர் காலமாகிவிட்டார், மகன்தான் இப்போது முதலாளி. நாங்கள் ஆப்பைக் காட்டப் போன அன்று மகனுடைய அம்மாவும் வந்து உட்கார்ந்திருந்தார். என் போனில் லட்சணமாக இருந்த முகம், மகனின் அகலமான புதுப் போனில் இரண்டு பக்கமும் இழுபட்டு, கன்னம் பூரி மாதிரி உப்பி நின்றது.

"யாருங்க இது?" என்று மகன் கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன். அந்த அம்மா போனை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தெலுங்கில் மெதுவாகச் சொன்னார்: "கடைசியில ஒரு வாய் சோறு இறங்கல அவருக்கு. இப்படி நாலு நாள் பார்த்திருந்தா எனக்குப் போதும்."

ஒரே படம், தனித்தனி ஃபோல்டர்

போட்டோவைச் சரிசெய்தோம். ஆனால் அதற்குள் இன்னொரு போன் வந்துவிட்டது. ஒவ்வொரு ஐகானையும் சின்னது, நடுத்தரம், பெரியது, ரொம்பப் பெரியது என்று வரைந்து, தனித்தனி ஃபோல்டரில் போட வேண்டும். வரைகிறவள் வசந்தி. மல்காஜ்கிரியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவள் தமிழில் மூன்று பாஷை இருக்கும்; 'ஏன்' என்பதற்கு 'கைக்கு' என்பாள், 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்பாள். நான் நிமிஷத்துக்கு ஒருதரம் அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பேன். "இந்தப் போன்ல மங்கலா தெரியுது, வசந்தி."

ஒருநாள் மவுஸைத் தள்ளிவிட்டுத் திரும்பினாள். "கைக்கு இவ்ளோ டென்ஷன்? இன்னொரு சைஸ் நக்கோ, சொல்லிட்டேன். மங்கலா தெரியறவங்களை கண்ணாடி மாத்திக்கச் சொல்லுங்க!"

தண்ணீர் வராத ஹாஸ்டல்

அடுத்து வேறு தலைவலி. பம்புப் படங்கள் கனமாக இருந்ததால், பம்பு மாட்டப் போகிற மெக்கானிக்குகளின் சாதாரண போன்களில் ஆப் அப்படியே மூடிக்கொண்டது. "எல்லாத்தையும் குறைங்க" என்றார் மேனேஜர். எல்லாப் படத்தையும் மொத்தமாகச் சுருக்கும் சாஃப்ட்வேரில் போட்டோம். மோட்டார் வயரிங் படமும் அதோடு போனது. சுருங்கியதில் சிவப்பும் மஞ்சளும் ஒரே பழுப்பாகிவிட்டன. பக்கத்திலிருந்த எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிட்டது.

நாச்சாரத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் போர்வெல் மோட்டார் மாற்றப் போன யாதகிரி என்ற மெக்கானிக், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். தப்பாக மாட்டினால் புது மோட்டார் எரிந்துவிடும். ஊகித்து மாட்ட மாட்டேன் என்று எங்களுக்குப் போன் செய்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பெரிய படத்தை அனுப்பினால் அவர் போனில் இறங்கவில்லை. லேப்டாப்பை முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன். சிக்னலில் நின்ற நேரமெல்லாம் யாரோ தொண்டை வறண்டு என்னைத் திட்டுகிற மாதிரியே இருந்தது.

வாசலில் பெண்கள் காலி பக்கெட்டோடு வரிசையாக நின்றார்கள். நான் லேப்டாப்பைப் பிடிக்க, யாதகிரி பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வயராக மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் குழாய் இருமியது, செம்மண் தண்ணீர் துப்பியது, பிறகு தெளிவாகக் கொட்டியது. பெண்கள் கத்திய கத்தலில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வயரிங் படத்தை மட்டும் இனி யாரும் சுருக்கக் கூடாது என்று அங்கிருந்தே மேனேஜரிடம் போனில் சொன்னேன். பையைத் தூக்கும்போது வார்டன் அம்மா வழிமறித்தார்: "கம்ப்யூட்டர் ஆள்தானே நீங்க? அதுக்குள்ள கிளம்பாதீங்க, மாடியில ஃபேன் ஓடல."

புது நாற்காலி

அதன்பின் அந்த ஆபீஸில் இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானம் டீ குடிக்கப் போகிற சாக்கில் இன்டர்வியூவுக்கு ஓடினேன். பெரிய கம்பெனி, கண்ணாடிக் கட்டடம். "படம் சம்பந்தமில்லாத எந்த வேலையும் சரி" என்றேன், சிரித்தார்கள், எடுத்துக்கொண்டார்கள்.

முதல் நாள் என் புது டீம் லீடர் ஒரு டேப்லெட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "உங்க அனுபவத்தைப் பார்த்துதான் எடுத்தோம். நம்ம ஆப்ல எல்லாப் படமும் இதுல சின்னதா தெரியுது, பெரிசாக்கிக் குடுத்துடுங்க."

சுருக்கிக்கொண்டிருந்தவன் இழுக்கிறவனானதுதான், சக அவதியாளர்களே, இத்தனை ஓட்டத்தில் எனக்குக் கிடைத்த பதவி உயர்வு.