கால் கழுவ ஒரு அண்ணன்

அக்கரப்பத்தனையிலிருந்து ஹட்டனுக்கு ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போனோம், நானும் என்னோடு படித்த ஒருவனும். எனக்குத் துணிக்கடை, அவனுக்குப் போன் ரிப்பேர் கடை. முதலில் ஏறுகிறவர் பக்கத்து சீட்டில் குடையைப் போட்டு மற்றவருக்கு இடம் பிடிப்பது வழக்கம். அவ்வளவுதான் எங்கள் சிநேகிதம். ஆனால் ஒரே சுவரில் ஒட்டிக் கட்டிய எங்கள் தோட்டத்து லயத்தில் முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் 'ஆயுசு நூறு' என்பார்கள். குடையை விடுவார்களா?

"உலை வாயை மூடலாம், ஊரு வாயை மூட முடியுமா? நாலு பேருக்கு முன்னால அவனை அண்ணேன்னு கூப்பிட்டுத் தொலை" என்றாள் அம்மா. அவன் என்னைவிட இளையவன். ஆனாலும் கூப்பிட்டேன். லயத்துக்கு உடனே மனசு குளிர்ந்துவிட்டது. அண்ணனும் தங்கச்சியும் ஒரே சீட்டில் இடித்துக்கொண்டு போகலாமே!

அண்ணன் என்றால் அண்ணன் வேலையும் பார்க்க வேண்டும். எனக்கு மாப்பிள்ளை வரத் தொடங்கியதும், விசாரித்துவர அம்மா அவனையே அனுப்பினாள். முதல் மாப்பிள்ளை குடிகாரன் என்றான். நியாயம். அடுத்தவன் சத்தமாகச் சிரிக்கிறானாம். பட்டிப்பொல மாப்பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்டால், "அங்க ரொம்பக் குளிருங்கம்மா, தங்கச்சிக்கு ஒத்துக்காது" என்றான். நாங்கள் என்ன பாலைவனத்திலா இருந்தோம்? மழை மாதத்தில் எங்கள் வீட்டில் உள்பாவாடைகூடக் காயாது. அன்றைக்குத்தான் அவன் மனசு எனக்குப் புரிந்தது. எனக்கும் அதே நோய்தான் என்பதும் கூடவே புரிந்தது. வாயைத் திறந்து சொல்வான் என்று காத்திருந்தேன். கோழை, பஸ்ஸில் குடையை மடியில் வைத்துக்கொண்டு மழையைப் பற்றியே பேசினான்.

அடுத்து வந்த நுவரெலியா மாப்பிள்ளையிடம், பாவி, ஒரு குறையும் இல்லை. "நல்ல பையன்தாங்கம்மா" என்று செத்த குரலில் வந்து சொன்னான். அம்மா பூரித்துப்போய் அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள்.

"அப்ப நாள் பாத்துருவோம். மணவறையில மாப்பிள்ளைக்குக் காலு கழுவிவிட, அண்ணன் மொறைக்கு நீங்கதான் நிக்கணும் தம்பி."

"சரிங்கம்மா" என்றான், மடையன்.

எனக்கு வந்ததே கோபம்! "காலு கழுவ வேற ஆளு பாருங்கம்மா. இவரு மாப்பிள்ளையா உக்காரட்டும். இல்லாட்டி நான் மணவறையில உக்காரவே மாட்டேன்" என்றேன்.

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். "எனக்கும் அதுதாங்கம்மா" என்றான், ஒருவழியாக.

கட்டிக்கொண்டோம். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் இன்றைக்கும் என்னை 'அண்ணனையே கட்டிக்கிட்டவ' என்கிறார்கள். சொல்லட்டும். அந்த அண்ணனைப் பெற்றது என் அம்மா இல்லை, அவர்கள் வாய்.