நூறு சதவீத மிச்சம்

பொம்மசந்திராவில் சொட்டுநீர்க் குழாய் செய்யும் தொழிற்சாலையில், துளைகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பதினோரு வருடமாகப் பார்த்துவருகிறவள் வேதநாயகி. அவள் படித்தது எட்டாவதுவரைதான். மிச்சப் படிப்பையெல்லாம் தம்பி ராஜேஷ்குமார் படித்துவிட்டதில் அவளுக்குத் தாளாத பெருமை.

வைட்ஃபீல்டில் வேலை பார்க்கும் அவன், மண்ணின் ஈரத்தை அளந்து தானாகவே தண்ணீர் திறக்கும் கருவி ஒன்றைச் செய்திருந்தான். ஆனேக்கல் விவசாயி முனிராஜு அதைத் தன் தக்காளித் தோட்டத்தில் ஐந்து நாள் வைத்துப் பார்க்க ஒப்புக்கொண்டார். அவருக்குப் பிடித்தால் ஊரே வாங்கும்.

ஆறாம் நாள் காலை அக்காவும் தம்பியும் போனார்கள். தம்பி பெருமையாகப் போனை நீட்டினான். "பாருங்க சார், நூறு சதவீதம் தண்ணி மிச்சம்!"

"மிச்சம்தான் சார். ஒரு சொட்டுகூட விடல. கை வைக்காதீங்கன்னு சொன்னீங்க, வைக்கல," என்றார் முனிராஜு. தக்காளிச் செடிகள் துவண்டு கிடந்தன.

"மண்ணு ஈரமா இருக்குன்னுதானே காட்டுது?" என்றான் தம்பி.

வேதநாயகி குனிந்து வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஈரம் அளக்கும் கம்பி, எல்லாரும் கால் கழுவும் குழாயடியில் நடப்பட்டிருந்தது.

"ஏன்டா இங்க நட்ட?"

"இங்கதான்க்கா சிக்னல் நல்லா வந்துச்சு."

அவள் கம்பியைப் பிடுங்கிச் செடியோரம் நட்டாள். சற்று நேரத்தில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. போனில் எண் சரிந்தது.

"ஐயோ, என் நூறு போச்சே!"

முனிராஜு சிரித்தார். "கருவி இருக்கட்டும் சார். ஆனா வாராவாரம் அக்காவை அனுப்பணும்."

"பாத்தீங்களா," என்றாள் வேதநாயகி, "என் தம்பி செஞ்சா தப்பாப் போகாது."