காவடிக் குழாய்

என் மச்சான் பத்துமலையைப் பற்றிப் பேசுகிற எவனும் ‘பாவம், நல்ல மனுஷன்’ என்றுதான் ஆரம்பிப்பான். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்ல மனுஷனாக இருந்து அவர் என்னத்தைக் கண்டார்? ஒரு தோள் போனதுதான் மிச்சம்.

அவர் என் மனைவியின் அண்ணன். சித்தியவான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் தைப்பூசத்தன்று பிறந்தவர், அதனால்தான் பத்துமலை முருகனின் பெயர். தோட்டத்துப் புகைக்கூடத்தில் உடைந்த கதவையும் கம்பியையும் பற்றவைத்துப் பற்றவைத்தே வெல்டிங் படித்தார். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது, குடியுரிமை இல்லாதவனுக்குக் கொடுக்கிற சிவப்பு அடையாள அட்டையோடு ஈப்போவுக்கு வந்து, லகாட் சாலையில் ஒரு சீன முதலாளியின், தவுக்கேயின், பட்டறையில் சேர்ந்தார். பின்னால் என்னையும் அங்கே காருக்குச் சாயம் அடிக்கச் சேர்த்துவிட்டார். அந்த நன்றிக்கு நான் செய்த கைம்மாறைத்தான் சொல்லப்போகிறேன்.

கார் வேலையைவிட அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது காவடி. நாற்காலிக்கு வருகிற மெல்லிய குழாயில் உலர்ந்த மணலை அடைத்து, இரண்டு முனையையும் கட்டையால் இறுக்கி, நெருப்புக் காட்டி மெதுவாக வளைப்பார். உள்ளே மணல் இருப்பதால் குழாய் நசுங்காது. அவர் கட்டிய காவடியை ஒற்றைக் கையால் தூக்கலாம். விரதம் இருந்து வாடிப்போய் வருகிறவன் தோளில் தேவைக்கு மேல் ஒரு பிடி கனம் ஏற்றினாலும் பாவம் என்பார்.

எழுபத்தேழில் பல் டாக்டர் கதிரவேலு தன் எம்ஜி காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பச்சைக் கார், இரண்டே இருக்கை, மடக்கிவிடுகிற துணிக்கூரை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், கல்யாணமாகி ஒரு வருஷம்தான். தாப்பா மலைச்சாலையில் நடக்கும் பந்தயத்தில் ஓட்டப்போகிறாராம். கூரையில்லாத கார் என்றால் உள்ளே இரும்புக் கூண்டு போட்டால்தான் விடுவார்களாம். கார் தலைகீழாகக் கவிழ்ந்தாலும் ஓட்டுகிறவர் தலை தரையில் படாமல் கூண்டு தாங்க வேண்டும். அதற்குப் பேர் ரோல் கேஜ் என்றார்.

எங்கள் பட்டறையில் கேஜ் என்றால் தகட்டின் தடிமன், குழாயின் தடிமன். வேறு அர்த்தமே கிடையாது. மச்சான் கேட்க வேண்டியதைச் சரியாகத்தான் கேட்டார்.

“என்னா கேஜ் டாக்டர்?”

“ரோல் கேஜ்தான்.”

“அது சரி டாக்டர். என்னா கேஜ்?”

டாக்டர் சிரித்துவிட்டார். அவருக்குக் காதில் விழுந்தது கூண்டு, மச்சான் கேட்டது தடிமன். மூன்றாம் முறையும் இதே கேள்வி, இதே பதில். எனக்கோ அவசரபுத்தி. கொட்டகையில் பாதி அடித்த டாக்சி சாயம் காய்ந்துகொண்டிருக்கிறது, இவர்கள் கேஜ் கேஜ் என்று நிற்கிறார்களே என்று எரிச்சல். நடுவில் புகுந்தேன்.

“தலைக்கு மேல வளஞ்சு வரணும் மச்சான், அவ்ளோதான். நம்ம காவடி மாதிரி போட்டுக் குடுங்க லா.”

மச்சானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பட்டறைக்குப் பின்னால், மூடிப்போன ஈயச் சுரங்கம் ஒன்றிலிருந்து வந்த பாய்லர் குழாய்கள் கிடந்தன. நல்ல கெட்டிக் குழாய்கள். அங்கே போய் ஒன்றைக் காலால் உருட்டிப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். திரும்பி வந்து காவடிக் குழாயை எடுத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வேலை ஒரு வாரம் பிடித்தது. டாக்டரை இருக்கையில் உட்கார வைத்து, தலைக்கவசத்துக்கு மேலே நாலு விரல் விட்டு உயரம் எடுத்தார். இருக்கைக்குப் பின்னால் வளைவு, அதிலிருந்து பின்பக்கம் இரண்டு தாங்கு கம்பி, கதவோரமாய் முன்னால் இரண்டு. தரைத் தகடு மெல்லிசு என்று அடியில் வேறு தகடு கொடுத்து இறுக்கினார். பூட்டுவதற்கு முன்னால் டாக்டர் அந்த வளைவை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, மலை ஏறுவதற்கு இப்படித்தான் கனமில்லாமல் இருக்க வேண்டும் என்று சந்தோஷப்பட்டார். தாங்குமா என்று கேட்டார். மச்சான் வாயைத் திறக்கப் போனார். சனி என் நாக்கில் உட்கார்ந்திருந்தது.

“நம்மெல்லாம் போயி சேந்தாலும் இது நிக்கும் டாக்டர்.”

பந்தயத்தில் வேகம்கூட அதிகமில்லையாம். ஒரு வளைவில் சக்கரம் கால்வாயில் இறங்கி, கார் மெதுவாகப் புரண்டதாம். மூன்றாம் நாள் டாக்டர் போய்விட்டார்.

போலீஸ் பார்த்து முடித்ததும் காரைப் பட்டறைக்கே இழுத்து வந்து போட்டார்கள். மச்சான் ஒவ்வொரு ஒட்டாகத் தடவிப் பார்த்தார். ஒட்டு ஒன்றுகூடப் பிரியவில்லை. குழாய்தான் மடிந்து இருக்கையோடு ஒட்டிக் கிடந்தது. ரம்பத்தால் ஒரு துண்டு அறுத்து, அதன் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்தார்.

“கேஜ் கேட்டேன்ல மாப்ள,” என்றார். “கேட்டுட்டு ஏன் விட்டேன்?”

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள் டாக்டரின் மனைவி கௌரி பட்டறைக்கு வந்தார். வெள்ளைச் சேலை. அழவில்லை, சத்தம் போடவில்லை. எங்கள் இரண்டு பேரையும் பார்த்துப் பொதுவாகக் கேட்டார்.

“தாங்குமெண்டு ஆர் சொன்னது?”

சாயத் துப்பாக்கியோடு நான் நிற்கிறேன். மச்சான் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

“நாந்தாம்மா சொன்னேன்.”

அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு மச்சானிடம் சண்டைக்குப் போனேன். ஆமாம், வெட்கமில்லாமல் சண்டை போட்டேன். வளைத்தது என் கைதானே என்று சொல்லிவிட்டு டார்ச்சைப் பற்றவைத்தார்.

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் காவடி கட்டிக் கொடுக்கவில்லை. தனக்கு மட்டும் ஒன்று செய்தார், அந்தப் பாய்லர் குழாயில். டாக்டர் காருக்குப் போட்ட கூண்டின் அதே உயரம், அதே அகலம், பின்னால் அதே இரண்டு தாங்கு கம்பி. மேலே மயிலிறகு செருகியிருந்ததால் ஊருக்குத் தெரியவில்லை. அதைத் தோளில் ஏற்றவே இரண்டு ஆள் வேண்டும். என்ன வேண்டுதல் என்று கேட்டவர்களை, தூக்கிவிட ஒரு கை கொடுக்கச் சொல்வார். ராக்காயி அக்கா, அதுதான் அவர் மனைவி, கத்திப் பார்த்தார், காலில் விழுந்தும் பார்த்தார். வருஷா வருஷம் தைப்பூசத்தன்று மச்சான் அதைப் புந்தோங்கிலிருந்து கல்லுமலை முருகன் கோயில்வரை சுமந்தார். எட்டு வருஷம்.

எண்பத்தைந்து தைப்பூசத்தில் கோயில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கால் இடறியது. காவடியோடு குப்புற விழுந்தார். அவ்வளவு கனமும் தோள்மேல் இறங்கியது. நாலு பேர் சேர்ந்து அதைத் தூக்கி எடுத்தோம். எலும்பு முறிந்து கை தொங்குகிறது, வாயெல்லாம் மண். கண்ணைத் திறந்ததும் கேட்டார்.

“வளஞ்சிருச்சா மாப்ள?”

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய ஒரே ஒரு பொய், அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இல்ல மச்சான், அப்படியே இருக்கு என்றேன்.

“அப்ப இது தாங்கியிருக்கும்லா,” என்றார்.

எட்டு வருஷத்தில் அப்போதுதான் அவர் அழுது பார்த்தேன். அந்தக் கை பிறகு மேலே எழவே இல்லை, பட்டறை வேலையும் போயிற்று. வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பார்க்க வருகிறவர்கள் என்னிடம், பாவம், நல்ல மனுஷன், அப்படி என்ன வேண்டுதலோ என்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்புகிறேன்.