அச்சுக்குள் வைத்த பொட்டு

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் கோணேஸ்வரி "பிளாஸ்டிக் வேலை" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். உண்மையைச் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்? பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி விளையாடும் பெட்டிகளுக்குள் கட்டைவிரல் உயரத்தில் குட்டி மனிதர்கள் வருவார்களே, அவர்களுக்குத் தலைக்கவசமும் வாளும் கேடயமும் வார்ப்பதுதான் அவளுடைய பிழைப்பு. பெட்டியோடு வந்தது போதாதென்று, வெளியார் செய்த சாமான்களைத் தேடி வாங்கி அந்தப் பொம்மைகளுக்கு மாட்டி அழகு பார்க்கும் வளர்ந்த தடியர்கள் ரொறன்ரோவில் இருந்தார்கள். இருந்தது அவளுக்கு நல்லதாய்ப் போயிற்று.

முதலாளி அலெக்ஸாண்டரும் அப்படியொரு தடியன்தான். சேர்ச்சுக்குப் போகும் பருத்தித்துறை வேதக்காரக் குடும்பம், சின்ன வயதிலேயே கனடாவுக்கு வந்தவன். ஸ்காபரோவில் தன் வீட்டுக்குக் கீழே இருந்த பேஸ்மென்றையே பட்டறையாக்கியிருந்தான். மூல உருவத்தை அவன் செதுக்கி றப்பர் அச்சு எடுப்பான். இரண்டு போத்தல்களில் வரும் பிளாஸ்டிக் திரவத்தைச் சம அளவில் கலந்து அச்சில் ஊற்றி, இறுகியதும் உரித்து, பிசிறு சீவுவது கோணேஸ்வரி. முதல் நாளே அவன் சொன்ன பாடம் ஒன்றுதான்.

"அக்கா, தண்ணி மட்டும் படக்கூடாது. ஒரு சொட்டுப் பட்டாலும் பொங்கிப் பழுதாப் போயிடும்."

அன்றிலிருந்து அச்சைத் தொடுமுன் கையை மூன்று தரம் துடைப்பாள். அவ்வளவு பயம்.

பயத்துக்குக் காரணம் மகள் சஜிதா. திருகோணமலையிலிருந்து வந்து, கொழும்பில் மாமியோடு ஒரு லொட்ஜ் அறையில் கிடந்தாள். ஆமியின் சுற்றிவளைப்பு என்றால் பிள்ளையையும் தெருவில் நிறுத்துவார்களாம். கேட்ட நாளிலிருந்து தாய்க்கு நித்திரை இல்லை. வேலைக் கடிதம் இல்லாமல் மகளைக் கூப்பிடும் ஸ்பொன்சர் பேப்பரைப் போட்டுப் பிரயோசனமில்லை என்று லோயர் கையை விரித்துவிட்டார். கையில் காசு வாங்கிச் செய்யும் வேலைக்குக் கடிதம் எங்கே?

அதற்கும் ஒரு வழி பிறந்தது. ஒஷாவாவில் ஞாயிற்றுக்கிழமை பெரிய பொம்மைச் சந்தை. அங்கே கேட்டிருந்த தலைக்கவசங்களைக் கொடுத்து முடித்தால் கொம்பனியைப் பதிந்து கடிதம் தருவதாக அலெக்ஸாண்டர் சொன்னான். சரிவராவிட்டால் பட்டறையை மூடிவிட்டு பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலைக்குப் போவதாகவும் சொன்னான். இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொன்னான்.

வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூசை. ஆயுதங்களைத் தொடக்கூடாது, சாமிக்கு வைக்கவேண்டும் என்றாள் கோணேஸ்வரி.

"வையுங்கோ அக்கா, நாளைக்கு ஊத்திப்போட்டு நேர ஒஷாவாதானே," என்று சிரித்துவிட்டு அவன் மேலே போய்விட்டான்.

மேசையில் துண்டு விரித்து, பிசிறு சீவும் பிளேட்டையும் தராசையும் அச்சுகளையும் வரிசையாக அடுக்கினாள். சந்தனத்தூளைக் குழைத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். அச்சுக்கு எங்கே வைப்பது? பொட்டு நெற்றிக்குத்தானே. ஒவ்வொரு குழியிலும் தலைக்கவசத்தின் நெற்றி வரும் இடமாகப் பார்த்து, மோதிரவிரலால் ஆழமாக வைத்து, மேலே குங்குமமும் வைத்தாள். கண்ணை மூடி ஒரே ஒரு வரம் கேட்டாள். அது சந்தனமாக இருந்ததே தவிர, அவள் கண்ணுக்குத் தண்ணீராக இருக்கவில்லை.

விஜயதசமி காலையில் குளித்து முழுகி வந்து, அச்சுகளை மேலாகத் துணியால் துடைத்துவிட்டு ஊற்றினாள். குழிக்குள் திரவம் நுரைத்து எழும்பிப் பொங்கல் பானைபோல விளிம்பு தாண்டி வழிந்தது. உரித்துப் பார்த்தால் ஒவ்வொரு தலைக்கவசத்தின் நெற்றியிலும் ஓட்டை, ஓட்டைக்குள் சிவப்பு. திரவம்தான் பழசாக்கும் என்று புதுப் போத்தலை உடைத்தாள். அதுவும் பொங்கியது. பதறிப்போய் அச்சுகளைக் குழாயடியில் பிடித்துத் தேய்த்துக் கழுவினாள். ஐயோ, கழுவினாள்! கழுவிய ஈரத்தோடு மீதியையும் ஊற்றினாள். கடைசிப் போத்தலும் காலியான பிறகுதான் மூளைக்கு எட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

அலெக்ஸாண்டர் இறங்கி வந்து ஒன்றை எடுத்து மணந்து பார்த்தான்.

"சந்தனமோ அக்கா?"

அவள் தலையாட்டினாள்.

அவன் திரவம் விற்கும் மார்க்கம் கடைக்கு போன் அடித்தான். நன்றி நாளுக்கு நீண்ட லீவு என்றது பதிவுக்குரல், செவ்வாய்க்கிழமைதான் திறப்பார்களாம். கத்தியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் படியில் குந்திக்கொண்டு, "தண்ணி எண்டு மட்டும்தானே சொன்னனான். என்ர பிழை," என்றான்.

"தம்பி, கடிதம் மட்டும் எழுதித் தாங்கோ. காலத்துக்கும் மறக்கமாட்டன்."

"இல்லாத கொம்பனிக்கு எப்பிடியக்கா எழுதுறது? இமிகிரேசன்காரர் போன் அடிச்சுக் கேப்பாங்கள். பிறகு பிள்ளையின்ர பேப்பருக்குத்தான் கறுப்பு விழும்." கையிலிருந்த தலைக்கவசத்தை மேசையில் வைத்துவிட்டு, "நான் பிறம்ரனுக்கு ஓம் சொல்லப்போறன்," என்றான்.

பின்னேரம் அப்பார்ட்மென்ற்றுக்கு வந்து, போன் காட்டின் இலக்கத்தைச் சுரண்டிக் கொழும்புக்கு எடுத்தாள். அங்கே இரவு. சஜிதா தூங்காமல் காத்திருந்தாள்.

"அம்மா, கடிதம் தந்திட்டினமோ?"

"வரும் பிள்ளை."

"நேற்று நான் கொப்பி, பேனை எல்லாம் சாமிக்கு வைச்சனான். கனடாவில எனக்கு இங்கிலீசு வரோணும் எண்டு கும்பிட்டனான். நீங்கள் என்னம்மா வைச்சனீங்கள்?"

கோணேஸ்வரி விரலைப் பார்த்தாள். நகக்கண்ணில் சந்தனம் காய்ந்திருந்தது.

"எல்லாத்தையும் வைச்சிட்டன் பிள்ளை," என்றாள். "என்னட்டை இருந்த எல்லாத்தையும் வைச்சிட்டன்."