ஒன்பது ரூமும் நிறைந்த நாள்

ராமேஸ்வரத்தில் ஹோட்டல் தொழில் எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல முழுத் தகுதி உள்ள ஆள் நான்தான். என் லாட்ஜில் தங்க ஆளில்லாததால் அதைப் பற்றி யோசிக்க எனக்கு நேரம் நிறைய இருந்தது.

திருவாடானைப் பக்கம் மிளகாய் போட்டுக்கொண்டிருந்தவன் நான். வடக்கேயிருந்து ரயில் ரயிலாக ஜனம் வருகிறது, புதுப் பாலமும் வந்துவிட்டது, இனிமேல் இந்தத் தீவில் படுக்க இடம் கிடைக்காது என்று டீக்கடையில் எல்லாருக்கும் விளக்கிவிட்டு, நிலத்தில் பாதியை விற்று, கோயிலுக்கு நாலு தெரு தள்ளி ஒன்பது ரூமுக்கு ஒரு லாட்ஜ் கட்டினேன். நான் சொன்னபடியே ஜனம் வந்தது. நீச்சல் குளம் வைத்த பெரிய ஹோட்டல்களுக்குப் போனது. மிச்சம் பேர் எனக்கு நேர் எதிரே லிஃப்ட் வைத்துக் கட்டிய ஹோட்டலுக்குப் போனார்கள்.

லாட்ஜ்காரர்கள் கூட்டம் ஒன்றில் கோட்டு போட்ட ஒருவர் திரையில் படம் காட்டி ‘ஆக்குபன்ஸி’ பற்றி வகுப்பெடுத்தார். எனக்கு அதெல்லாம் தேவையில்லை. இங்கே வருகிறவர்கள் கடலில் முழுகி, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, சொட்டச் சொட்ட ரூமுக்குத் திரும்புவார்கள். அந்தத் துணி பால்கனிக்கு வந்தே தீரும். தினமும் தெருத்தெருவாக நடந்து, அண்ணாந்து பார்த்து, எந்த ஹோட்டலில் எத்தனை ரூம் போயிருக்கிறது என்று துல்லியமாகச் சொல்லிவிடுவேன். இந்த ஆராய்ச்சியில் கழுத்து வலி வந்தது. என் பால்கனிகளில் புறாக்கள் இருந்தன.

மீதி நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்த என் மனைவி, பங்குனியில் ஒரு கெடு வைத்தாள்.

“ஆடி பொறக்குறதுக்குள்ள ஒரு நாளாவது ஒம்பது ரூமும் நெறஞ்சு நான் பாக்கணும். இல்லேன்னா, எதுத்தாப்ல உள்ளவரு குத்தகைக்குக் கேக்குறாருல்ல, அவருக்கே விட்டுட்டு ஊருக்கு வந்து சேருங்க.”

“ஆடி அமாவாசை வரைக்கும் பொறுக்கக் கூடாதா?”

“அன்னைக்கு நம்ம மாட்டுக் கொட்டகைகூட நெறையும். அது சேத்தி இல்ல.”

ஆனி அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் போன் செய்து, “சாயங்காலம் வாரேன்” என்றாள். அவ்வளவுதான். பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். பக்கம் பளிச்சென்று இருந்தது. மதியம் வரை யோசித்து, ஒரு வாளியில் தண்ணீர் பிடித்தேன். என் வேட்டி நான்கு, துண்டு மூன்று, தரை துடைக்க ஊரிலிருந்து கொண்டு வந்திருந்த பழைய சேலை இரண்டு. எல்லாவற்றையும் நனைத்துப் பிழிந்து பால்கனிக்கு ஒன்றாகத் தொங்கவிட்டேன். தெருவில் இறங்கி நின்று பார்த்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது. லாட்ஜ் நிறைந்துவிட்டதென்று நானே நம்பினேன்.

நாலு மணிக்கு ஒற்றைப் பையோடு அவள் நடந்து வந்தாள். நான் மேசைக்குப் பின்னால், மூச்சு விட நேரமில்லாத ஆள் மாதிரி நின்றிருந்தேன்.

“ரூமெல்லாம் நெறஞ்சு கெடக்கு போல,” என்றாள்.

“ஆமா, ரெண்டு நாளாவே கூட்டம்தான்.”

பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். “நாளைக்கு எங்க அய்யாவுக்குத் திதி. தம்பி வீடு, சித்தப்பா வீடுன்னு இருவத்தாறு பேரு வேன்ல வந்தோம். ஒம்பது ரூமும் சரியா நெறையும்னுதான் எல்லாரையும் கூட்டியாந்தேன்.”

“அவுகள எங்க?”

“வேன்ல இருந்தே மேல பாத்துட்டாக. ‘மச்சான் லாட்ஜுல எடமில்ல, அவரச் சங்கடப்படுத்த வேணாம்’னு தம்பி எதுத்தாப்ல ரூம் போட்டுட்டான்.”

“நீயாவது நிறுத்தியிருக்கலாம்ல?”

“என்னன்னு சொல்லி நிறுத்த? நாலாவது பால்கனில தொங்குறது என் வாடாமல்லிச் சேல. வேன் திரும்பும்போதே பாத்துட்டேன். எங்க வீட்டுக்காரரு சும்மா துணி காயப்போட்டிருக்காருன்னு இருவத்தாறு பேருக்கு முன்னால சொல்லவா?”

அவளே வைத்த கெடுவில் என்னை ஜெயிக்க வைக்கத்தான் வந்திருந்தாள். கடைசியில் என் மானத்தைக் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது. வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்தது. என் முதுகுக்குப் பின்னால் பலகையில் ஒன்பது சாவியும் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை ஒளித்து வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. அவள் எழுந்து வந்து நாலாம் நம்பர் சாவியை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் திதி முடிந்து எல்லாரும் குளித்துவிட்டு வந்தார்கள். எதிர் ஹோட்டலை அண்ணாந்து பார்த்தேன். மச்சினன் லுங்கி, சின்ன மாமனார் வேட்டி, எல்லாம் தெரிந்த துணி. பழக்கதோஷத்தில் எண்ணினேன். சரியாக ஒன்பது பால்கனி. என் பக்கம் நாலாவதில் மட்டும் அவள் சேலை, இந்த முறை நிஜமாகவே தீர்த்தமாடிய ஈரத்தோடு.

நானாகவே தெருவைத் தாண்டிப் போய், எதிர் ஹோட்டல்காரரிடம் குத்தகைக்குச் சம்மதம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“நேத்து ஒம்பது ரூமும் நெறஞ்சிருந்துச்சே, நானே பாத்தேன். நல்லா ஓடுற நேரத்துல ஏன் விடுறீங்க?”

“அதுல நாலு என் வேட்டிங்க,” என்றேன்.