நரிகளுக்குப் பின்னால் போன வாப்பா

இதை எழுதலாமா என்று வருடக்கணக்காக யோசித்திருக்கிறேன். எழுத உட்காருவேன், மாமியின் முகம் வந்து நிற்கும், எழும்பிப் போய் அடுப்பைப் பார்ப்பேன். மாமி உயிரோடு இருக்கும்வரை இது அவருக்காக நாங்கள் காக்கவேண்டிய அமானிதம். சென்ற நோன்புக்கு முன் அவரும் மௌத்தாகிவிட்டார். அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்கி வைப்பானாக. எனக்குப் படிப்பு அவ்வளவு இல்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் எதையும் நான் கூட்டவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். வீடு கல்முனையில், வயல் நாவிதன்வெளிப் பக்கம். சண்டை தொடங்கியபின் அந்த வயல் வட்டைக்கு எங்கள் ஆட்கள் போவது நின்றுவிட்டது. விதைத்தது விதைத்தபடி கிடக்கிறதே என்று மனம் கேளாமல் ஒருநாள் மாமா, உம்மாவின் தம்பி, சைக்கிளில் பார்க்கப் போனார். திரும்பி வரவில்லை. யார் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதமாட்டேன். ஆளும் இல்லை, மையித்து என்று ஓர் உடலும் இல்லை, அவ்வளவுதான்.

மாமாவின் மனைவிதான் நான் சொன்ன மாமி. எங்களுக்கு அடுத்த வளவு. மௌத்து என்று தெரிந்தால் ஜனாஸா தொழலாம், ஓதலாம், பெண்ணானவள் வெள்ளை உடுத்து வீட்டோடு இத்தா இருந்து துக்கத்தைக் கழிக்கலாம். உயிரோடு என்றால் காத்திருக்கலாம். மாமிக்கு இரண்டு வழியும் அடைபட்டுக் கிடந்தது. பகல் சோற்றில் ஒரு பங்கை மூடி வைப்பார், அந்தியில் கோழிக்குக் கொட்டுவார். “ஒரு சொல்லு தெரிஞ்சாப் போதும் காக்கா, எந்தச் சொல்லெண்டாலும்” என்று வாப்பாவிடம் அழுவார்.

அடுத்த வருடம் பாதை கொஞ்சம் திறந்தது. வாப்பா வயலுக்குப் போகத் தொடங்கினார், என்னையும் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு. எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். மூத்தவனான காக்காவை விட்டுவிட்டு என்னைக் கூட்டிப்போகிறாரே என்று எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. முன்னால் ஒரு சின்னப் பெண்பிள்ளை இருந்தால் சென்ட்ரியில் சோதனைக்கு அதிகம் மறிக்கமாட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்?

வயல் வயலாக இல்லை. ஆளுயரத்துக்குப் பன் கோரையும் புல்லும். மனிதர் விட்டுப்போன நிலத்தை நரிகள் எடுத்துக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்த ஓநாயின் ஞாபகத்தில், அது இங்கே இருக்கிறதா என்று வாப்பாவைக் கேட்டேன்.

“நம்மட நாட்டில ஓநாய் இல்ல மகள். அதுட தம்பிமார்தான் இரிக்காங்க.”

வாப்பா மண்வெட்டியைத் தொடவே இல்லை. வரம்பில் குந்திக்கொண்டு அந்தத் தம்பிமாரைப் பார்த்தார். அடுத்த நாளும் அதேதான். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு போவோம், இருட்டும் மஃரிபுக்கு முன் திரும்பிவிடுவோம். நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒன்று ஊளையிட்டால் அந்தக் குடும்பம் மட்டும் பதில் கொடுக்கும், வாய்க்காலுக்கு அங்கால் இருக்கும் குடும்பம் தன் முறைக்குக் காத்திருக்கும். ஆணும் பெண்ணும் பிரிவதில்லை. ஒரே வரம்பால் போகும், அதே வரம்பால் வரும்.

“அந்தா போறது ஆண். தின்டதக் கொண்டுபோய் குட்டிக்குக் கக்கிக் குடுக்கும்.”

“சீ!” என்றேன்.

“என்ன சீ? நீயும் உம்மாட மடியில கக்கின ஆள்தான்.”

மெலிந்த நரி ஒன்றும் கூடவே திரிந்தது. அது போன ஈற்றுக் குட்டியாம். தாயும் தகப்பனும் இரைக்குப் போனால் வளையில் கிடக்கும் சின்னதுகளை அதுதான் பார்த்துக்கொள்ளுமாம். எங்கட காக்கா என்னை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை என்று சொன்னேன். வாப்பா சிரித்தார். மீந்த இரையை மண்ணில் புதைக்கும் என்றார். செருப்பு, தோல் என்று எது அகப்பட்டாலும் குட்டிகள் கடித்து விளையாட வளைவாசலில் கொண்டுபோய்ப் போடும் என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். நரிகள் எங்கே படுக்கின்றன என்று ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டப் போனோம்.

ஊர் இதை வேறு விதமாக விளங்கிக்கொண்டது. நரிக்கூட்டத்தின் தலைவனுக்குத் தலையில் சின்னக் கொம்பு ஒன்று முளைக்கும், அது கையில் இருந்தால் வழக்கு வெல்லும், கேட்டது கிடைக்கும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. வாப்பா நரிக்கொம்பு தேடுகிறார் என்று கதை பரவிற்று. தேத்தண்ணிக் கடைக்காரர் சைக்கிளை மறித்தார்.

“என்ன போடியார், கொம்பு அம்பிட்டா? அம்பிட்டா எனக்கும் ஒரு துண்டு வெட்டித் தாங்க. காணி வழக்கொண்டு பேரப்புள்ள காலம் வரைக்கும் போகும் போல கிடக்கு.”

“அம்பிட்டா தாறன்” என்றார் வாப்பா.

வீட்டில் உம்மா விடவில்லை. “அஞ்சு நேரமும் தொழுற மனிசன் செய்ற வேலையா இது? கொம்பிட்டயும் வாலிட்டயும் கேக்கிறது அல்லாஹ்வுக்கு இணை வைக்கிற ஷிர்க்கில்லயா?” வாப்பா தலையைக் குனிந்துகொண்டு சோறு தின்றார். கொஞ்ச நேரம் போய், உம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “அந்தக் கொம்பு கிடைச்சா... காணாமப்போன ஆக்களும் வருவாங்களெண்டு சொல்றதா?”

வாப்பா பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டார். அவருடைய கண் ஏன் கலங்கிற்று என்று நான் யோசித்தேன். கறியில் உறைப்புக் கூடிவிட்டதாக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் அந்தியில் வளையைக் கண்டோம். விளாமரத்தடியில் இடிந்த கறையான் புற்று. ஆமை ஓடு, நண்டுக் கோது, ஒற்றைச் செருப்பு, இறகு. குட்டிகள் உள்ளே ஒளிந்துகொண்டன. தாய் நரி ஓடவில்லை. எட்ட நின்று முனகிக்கொண்டே எங்களைப் பார்த்தது. வாப்பா குனிந்து அகலமான தோல் வார் ஒன்றின் துண்டை எடுத்தார். எங்கள் ஆண்கள் சாரனுக்கு மேல் கட்டும் வார்தான். பல்லுப்பட்டு நைந்திருந்தாலும் காசு வைக்கும் பை அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. வாப்பா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நரியைப் பார்த்தார். நரிக்கு எறிவாரோ என்று பயந்து நான் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

“அது தன்ட புள்ளைக்கு விளையாடக் கொண்டுவந்திரிக்கி மகள்” என்றார். “அது என்ன செய்யும்?”

என்னை வாய்க்காலில் நண்டு பார்க்கச் சொல்லி அனுப்பினார். நான் திரும்பி வரும்போது கைகால் கழுவி ஒழு செய்துவிட்டுக் கிப்லாத் திசையை நோக்கி நின்றுகொண்டிருந்தார். கைகளைக் கட்டித் தொழுதார். குனியவில்லை, நெற்றியை நிலத்தில் வைக்கவில்லை. நின்றபடியே சலாம் கொடுத்து முடித்தார். கீழே முழுக்கத் தொட்டாச்சுருங்கி. முள் குத்தும் என்றுதான் சுஜூது செய்யவில்லை என்று நினைத்தேன். சைக்கிள் கரியரில் இருந்த சாக்கை விரித்துக் கொடுத்திருக்கலாமே என்று வரும் வழியெல்லாம் எனக்குக் கவலை. ஜனாஸாத் தொழுகை முழுவதும் நின்றபடிதான் என்பதை ஓதும் பள்ளியில் நான் படித்தது அதற்குப் பிறகு.

நேரே மாமி வீட்டுக்குப் போனோம். மாமியின் மூத்த மகன், எனக்கு மச்சான், மீசை அரும்பும் வயது, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தங்கச்சி, இத ஒருக்காப் பாருங்க” என்று வாப்பா வாரைச் சுற்றியிருந்த சால்வையை அவிழ்த்தார்.

மாமி அதைக் கையில் எடுத்தார். பையின் ஓரத்தைப் பெருவிரலால் தடவினார். பிறகு நிமிர்ந்து மகனைப் பார்த்தார்.

“இது அவர்ட இல்ல காக்கா.”

“வடிவாப் பாருங்க தங்கச்சி.”

“பாத்திட்டன். இது வேற ஒருத்திட மாப்பிள்ளைட. பாவம், அவ எங்க இருந்து வழி பாக்காளோ. நீங்க இத அடக்கிடுங்க.”

வாப்பாவும் மச்சானைப் பார்த்தார். “ஓம். நான்தான் பிழையாப் பாத்திட்டன்” என்றார்.

நான் வேலியால் பாய்ந்து ஓடினேன். “உம்மா, மாமா மௌத்தாகல்ல! அது வேற ஆள்ட வார்!” உம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். ஊருக்கெல்லாம் நல்ல சேதி கொண்டுவந்தவள் மாதிரி அன்றைக்கு நான் நிமிர்ந்து நிமிர்ந்து நடந்தேன்.

அதன்பிறகு மாமி வெளியில் வருவதில்லை. முழங்காலில் வாதமாம். காதிலும் கையிலும் கிடந்ததைக் கழற்றி வைத்துவிட்டார். நோவுக்கு வெள்ளைச் சேலைதான் இலேசு என்று அதையே உடுத்தினார். உம்மா எண்ணெய் காய்ச்சிக் கொடுத்து என்னை அனுப்புவார்.

“இந்தக் காலா மாமி நோகுது?”

“ஓம் கிளி, அதுதான்.”

அடுத்த நாள் மறதியில் மற்றக் காலைப் பிடிப்பேன். “இதுவா மாமி?”

“ஓம், அதுதான்.”

நோவு இடம் மாறுகிறது என்று நினைத்துக்கொண்டு நான் இன்னும் அழுத்தித் தேய்ப்பேன். அவர் இத்தா இருந்தார் என்பது எனக்கு விளங்கவில்லை. அந்தப் பையின் பிய்ந்த ஓரத்தைத் தைத்தது மாமியின் கைதான் என்பதை வாப்பா தன் கடைசிக் காலத்தில்தான் என்னிடம் சொன்னார். ஓம் என்று ஒரு சொல் வந்திருந்தால் அந்த மகன் விடிவதற்குள் பழிவாங்கத் துவக்குத் தேடிப் போயிருப்பான் என்றும் சொன்னார்.

மச்சான் துவக்கு எடுக்கவில்லை. ஆனால் தேடுவதை விடவில்லை. இன்றைக்கு அவருக்கே தாடி நரைத்துவிட்டது. எந்த ஊருக்குப் போனாலும் பஸ் நிலையத்தில் வயதான ஆண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இது யார் மூலமாவது அவரிடம் போய்ச் சேரட்டும். கொண்டுபோகிறவர்கள் எழுதியபடியே கொண்டுபோங்கள். நரிகள் மாமாவைத் தின்றன என்று சொல்லவேண்டாம். அதை நாங்கள் பார்க்கவில்லை. மாமி கடைசிவரை நம்பிக்கையோடு வழி பார்த்திருந்தார் என்றும் அழகுக்காகச் சேர்க்கவேண்டாம். அவர் அப்படி இருக்கவில்லை.