யார் முதலில் கத்தி வைப்பது

இருபத்து மூன்று ஆண்டுகள் சின்னவர் கண்ணாடி பார்க்காமல் சவரம் செய்துகொண்டார். முகத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இதில் வித்தை எதுவும் கிடையாது. எதிரே அண்ணன் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

இருவரும் இரட்டையர். சில நிமிடங்கள் முந்திக்கொண்டு பிறந்ததால் அண்ணன் பெரியவர், தம்பி சின்னவர். தலை நரைத்த பிறகும் அந்தப் பெயர்கள்தான் நிலைத்தன. ஒரே அச்சில் வார்த்தவர்கள் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். அது முழுக்கச் சரியில்லை, அச்சைத் திருப்பிப் போட்டு வார்த்திருந்தது. பெரியவருக்கு இடது கைப் பழக்கம், சின்னவருக்கு வலது. பெரியவரின் மச்சம் தாடைக்கு அடியில் இடப்பக்கம், சின்னவருடையது வலப்பக்கம். உச்சிச் சுழிகூட எதிரெதிர்த் திசையில் சுற்றும். நேருக்கு நேர் உட்கார்ந்தால் ஒருவருக்கு ஒருவர் கண்ணாடி.

இதை முதலில் கண்டுகொண்டது சவர சோப்புத் தொழிற்சாலை. சோப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைக்கூடத்துக்கு இப்படி ஒரு ஜோடி கிடைத்தால் விடுவார்களா? ஒரே தோல், ஒரே முடி, ஆளுக்கொரு சோப்பு. வித்தியாசம் தெரிந்தால் அது சோப்பின் வித்தியாசம். தினமும் காலையில் தொட்டியின் இருபுறமும் இரண்டு முக்காலிகளைப் போட்டு உட்கார்ந்து, அண்ணன் முகத்தைப் பார்த்துத் தம்பியும் தம்பி முகத்தைப் பார்த்து அண்ணனும் மழித்துக்கொள்வார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் சின்னவரிடம் வருங்கால மாமனார் கேட்டாராம், "மாப்ள கம்பெனியில என்ன பண்றாரு?"

"செரைக்கிறேன் மாமா."

மாமனார் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பெரியவர்தான் குறுக்கே புகுந்து, "அவன் நெசமாத்தான் சொல்றான், நானும் அதான் பண்றேன்" என்று காப்பாற்றினார். காப்பாற்றியது என்று அதைச் சொல்ல முடியுமா என்பது இன்றுவரை சின்னவரின் மனைவிக்குச் சந்தேகம்.

தொழிற்சாலையில் முக்கியமாக இரண்டு சோப்புகள். தகர டப்பாவில் வரும் வட்டக் கட்டி, உறையில் வரும் குச்சி. வட்டக் கட்டி கல் மாதிரி இருக்கும். ஈரப் பிரஷ்ஷால் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தால்தான் இளகும். வந்த நுரை வெண்ணெயாய் நிற்கும். கிராம்பும் மரத்தூளும் கலந்த மாதிரி அடங்கிய வாசனை, பக்கத்தில் வந்தால்தான் தெரியும். ஒரு கட்டி வாங்கினால் அரை வருடம் கடைப்பக்கம் போக வேண்டாம். குச்சி அப்படியில்லை. நேராகக் கன்னத்தில் தேய்த்தால் உடனே நுரைத்துவிடும். ஆளுக்கு முன்னால் எலுமிச்சை வாசனை அறைக்குள் நுழையும். ஆனால் நுரை சீக்கிரம் காயும், ஈரத்தில் விட்டால் குச்சியும் கரைந்து போகும்.

பெரியவர் வட்டக் கட்டிக் கட்சி, சின்னவர் குச்சிக் கட்சி.

"உன் குச்சி நுரை வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது. சம்பளம் மாதிரி."

"உன் கட்டி நுரை வர்றதுக்குள்ள அடுத்த தாடியே மொளச்சிரும்ணே."

"மொளைக்கட்டுமே. நின்னு பேசும்ல?"

இந்தச் சண்டையை நிறுத்த, கையில் ஸ்டாப்வாட்ச் கடிகாரத்தோடு நிற்கும் பெண் அதிகாரி ஒருவர் உண்டு. தொழிற்சாலையில் அவருக்குக் கடிகார மேடம் என்று பெயர். "ஆரம்பிங்க" என்பார் மேடம். அப்போதும் சின்னவர் கையைத் தூக்க மாட்டார். அண்ணன் முதலில் கத்தி வைக்க வேண்டும், பிறகுதான் தம்பி. யாரும் போட்ட சட்டமில்லை. பிறந்த வரிசை கைக்கு இறங்கியிருந்தது.

போன ஆண்டு, நீண்ட விடுமுறை ஒன்று முடிந்து மழிக்காத தாடியோடு வேலைக்குத் திரும்பும் வழியில், தம்பிக்கு முந்திய பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே பெரியவர் போய்விட்டார். தூங்குகிறார் என்று நினைத்து நடத்துநர் கடைசி நிறுத்தம்வரை எழுப்பவில்லை.

மருத்துவமனையின் குளிர்ந்த அறையில் அண்ணி அழவில்லை. கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "வேலைக்குப் போனா இவர் தாடியோட திரும்பி வந்ததே இல்ல. இப்படியேவா அனுப்புறது?" என்றார்.

சின்னவர் வட்டக் கட்டி டப்பாவை எடுத்துவந்தார். அருகே உட்கார்ந்து அண்ணன் முகத்தில் நுரை பூசினார். பழக்கம் விடவில்லை, ரேசரைப் பிடித்தபடி சற்றுக் காத்திருந்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் முறையாக, தானே முதலில் தொடங்கினார். ஒரு கன்னம் முடிந்ததும் மேலே தொடர முடியவில்லை. வெளியே போய் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். திரும்பி வந்தபோது மறுகன்னத்தில் நுரை பூசியபடியே இருந்தது. ஈரம் குறையவில்லை, ஒரு குமிழ் உடையவில்லை. நுரையைக் காயவைப்பது உடம்புச் சூடுதான் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்த வெள்ளையைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

வேலைக்குத் திரும்பியபோது எதிர் முக்காலி இருந்த இடத்தில் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். "இனிமே பாதிப் பாதியாத்தான் பண்ணணும். ஒரு கன்னத்துக்குக் கட்டி, ஒரு கன்னத்துக்குக் குச்சி. வேற வழி இல்ல" என்றார் கடிகார மேடம், அவர் முகத்தைப் பார்க்காமல்.

சின்னவர் நிமிர்ந்தார். கண்ணாடிக்குள் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மச்சம் இடப்பக்கம், கத்தி இடது கையில். இத்தனை ஆண்டுகளாக எதிரே பார்த்த அதே முகம். 'எங்கண்ணே போயிருந்த?' என்ற கேள்வி வாய்வரை வந்தது, மேடம் நிற்பதால் அடக்கிக்கொண்டார்.

"ஆரம்பிங்க."

வழக்கம்போல் காத்திருந்தார். கண்ணாடியில் இருந்த கை எழுந்து காதோரம் கத்தி வைத்தது. அதைப் பார்த்த பிறகே இவர் கை எழுந்தது.

பயந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை. அன்று மதியம் பசித்துச் சாப்பிட்டார், மாதக்கணக்கில் இல்லாத பசி. அதன்பின் விடுப்பே எடுக்கவில்லை. உடம்பு சரியில்லாத நாளிலும் போனார். தினமும் அண்ணன் தொடங்குவார், தம்பி தொடர்வார். மேடம் மட்டும் ஒருநாள் கேட்டார், "நீங்க யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்க?"

"பழக்கம் மேடம்."

வீட்டில் வேறு விதமாகப் போய்க்கொண்டிருந்தது. மாடியில் அண்ணி, கீழே சின்னவரும் மனைவியும். இரவுச் சாப்பாடு எப்போதும் கீழேதான், எல்லோரும் சேர்ந்துதான். சில வாரங்களாக அண்ணி இறங்கி வருவதில்லை. ஒருநாள் கூடத்து நிலைக்கண்ணாடி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மறுநாள், மாதக் கடைசியில் தன் அக்கா ஊருக்கே போய்விடப் போவதாக அண்ணி சொல்லியனுப்பினார்.

சின்னவர் மாடிக்குப் போனார். பெட்டி கட்டிலின் மேல் திறந்து கிடந்தது.

"என்ன அண்ணி, எங்க மேல ஏதும் வருத்தமா?"

"உங்க மேல என்ன வருத்தம் தம்பி? உங்க முகத்த நேரா பாத்தா தாங்கிக்கிறேன். மச்சம் அந்தப் பக்கம் இருக்கு, நீங்கதான்னு மனசு சொல்லிடுது. கண்ணாடியில வர்றீங்க பாருங்க, அங்கதான் முடியல."

"நான் கூடத்துப் பக்கமே வரல, போதுமா?"

அண்ணி ஒரு சேலையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "சொன்னா புத்தி பிசகிடுச்சும்பீங்க. அன்னிக்கு நீங்க கண்ணாடி முன்னால நின்னு சட்டை பட்டன் போட்டீங்க. நான் படியில நின்னேன். நீங்க போட்டுட்டுத் திரும்பிப் போயிட்டீங்க தம்பி." குரல் இறங்கியது. "அவர் திரும்பல. என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு."

சின்னவர் புத்தி பிசகியது என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்?

கீழே மனைவி பிடித்துக்கொண்டாள். "மாடி அக்கா போனா நான் யாரோட சண்ட போடுறது? உங்ககிட்ட போட்டா செவுத்துல முட்டிக்கிட்ட மாதிரி. தாடி வளத்தாத்தான் என்ன? மச்சமும் மறையும், மூஞ்சியும் மாறும். அவங்களும் நிம்மதியா இருப்பாங்க."

"செரைக்கிறதுதான்டி என் வேலையே."

"இத்தன வருஷம் செரைச்சது பத்தாதா? பொட்டி அடுக்குற எடத்துல ஆள் கேக்குறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது உண்மைதான். சொல்லாதது ஒன்று இருந்தது. தாடி வளர்த்தால் கண்ணாடியில் அண்ணன் இருக்க மாட்டார். அண்ணனை வைத்துக்கொண்டால் அண்ணி போய்விடுவார். உயிரோடு இருப்பவரா, இல்லாதவரா என்று கேட்டால் யாரும் பட்டென்று பதில் சொல்லிவிடலாம். கேள்வி தன் முகத்தில் வந்து உட்கார்ந்தால்தான் தெரியும். அடுத்து வந்த பண்டிகை விடுமுறை நாட்கள் முழுக்க யோசித்தார். முகத்தில் முள்முள்ளாய்த் தாடி எட்டிப் பார்த்தது.

வேலை நாள் காலை. சோதனைக்கூடத்தில் மேடமும் அவரும் மட்டும். அன்று குச்சியைத் தொடவில்லை. முகம் முழுக்க வட்டக் கட்டி நுரையையே பூசினார். மேடம் புருவத்தை உயர்த்தினார்.

சின்னவர் கண்ணாடியைப் பார்த்து வாய்க்குள் முணுமுணுத்தார். "அண்ணி போறாங்களாம்ணே. நீயே சொல்லு. நீ கத்தி வச்சா நானும் வைக்கிறேன்."

"ஆரம்பிங்க" என்றார் மேடம்.

காத்திருந்தார். கண்ணாடியில் கை எழவில்லை.

குழாயில் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விழுந்தது. கன்னத்தில் நுரை இறுகத் தொடங்கியது, தோலைப் பிடித்து இழுத்தது. வாயோரம் வெடித்து, பொருக்காக மடியில் உதிர்ந்தது. கண்ணாடியில் இருந்த முகத்தில் எதுவும் உதிரவில்லை. அங்கே நுரை ஈரமாய், நிறைந்து, ஒரு குமிழ் உடையாமல் நின்றது. அந்தக் குளிர்ந்த அறையில் நின்றது போலவே.

"என்ன இது, அதுக்குள்ள காஞ்சுடுச்சு? கட்டி நுரை இப்படிக் காயாதே" என்று மேடம் அவர் முகத்தருகே குனிந்தார். கண்ணாடியை அவர் பார்க்கவில்லை.

அப்போது பீங்கான் தொட்டியில் கத்தி வைக்கும் ஓசை கேட்டது. சின்னதாய், தெளிவாய், உலோகம் பீங்கானில் படும் ஓசை. மேடமும் கேட்டார். "வச்சுட்டீங்களா?" என்று தொட்டியைப் பார்த்தார். தொட்டி காலியாக இருந்தது. ரேசர் இன்னும் சின்னவரின் கையில் இருந்தது.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். அங்கே கை வெறுமையாக இருந்தது.

"இப்பத்தான் வைக்கிறேன் மேடம்" என்றார் சின்னவர். ரேசரைத் தொட்டியில் வைத்தார். அதே ஓசை இரண்டாவது முறையாகக் கேட்டது. நுரையைக் கழுவினார். துண்டால் துடைத்தார். நிமிர்ந்து பார்க்காமலே வெளியே வந்தார்.

மேடம் அன்று அந்தச் சோதனையைக் கணக்கில் சேர்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். ஏன் என்று கழற்ற வந்தவர் கேட்டதற்கு, "வெளிச்சம் கண்ணுல அடிக்குது" என்றார். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

தாடி வளர்ந்து மச்சத்தை மூடிய இரவு, அண்ணி படியிறங்கி வந்து தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். சின்னவரை உற்றுப் பார்த்தார்.

"நல்லாவே இல்ல தம்பி."

"அதத்தான் நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன் அக்கா, கரடி மாதிரி" என்றாள் மனைவி. அண்ணி சிரித்தார். தட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். பெட்டி மாடியில் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. கூடத்துக் கண்ணாடியை மட்டும் இன்னும் யாரும் திருப்பவில்லை.

வரும் முதல் தேதியிலிருந்து சின்னவருக்குப் பெட்டி அடுக்கும் பிரிவில் வேலை. அங்கே தாடி வைத்துக்கொள்ளலாம், மேலே வலை மாட்டிக்கொள்ள வேண்டும்.